முதல்வகை நீரிழிவின் தொடக்கநிலையில் தன்னெதிர்ப்பு டி செல்களைக் கண்டறிதல்: முறைகளும் இடர்ப்பாடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

முதல்வகை நீரிழிவில் பீட்டா செல்களை அழிப்பவை டி செல்கள். ஆயினும் நோயின் தொடக்கநிலை இன்றும் எதிர்ப்பொருள்களைக் கொண்டே கணிக்கப்படுகிறது. டி செல்களை நேரடியாகக் கண்டறியும் முறைகள் செயற்படும் விதத்தையும், அவை மருத்துவ நடைமுறைக்கு வாராமைக்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முதல்வகை நீரிழிவு, தன்னெதிர்ப்பு, டி செல், எலிஸ்பாட், டெட்ராமர், எச்.எல்.ஏ.

முன்னுரை

இன்சுலின் சார்ந்த நீரிழிவு என முன்னர் வழங்கப்பெற்ற முதல்வகை நீரிழிவு, கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் தடுப்பாற்றலே அழிப்பதால் விளைவதாகும். 1965ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டு நோய்க்கூற்றியல் அறிஞர் வில்லி கெப்ட்ஸ், நோய் வெளிப்பட்ட சில மாதங்களுக்குள் இறந்த இளையோர் 22 பேரின் கணையங்களை ஆராய்ந்தார். அவர்களுள் 15 பேரின் திட்டுகளில் லிம்போசைட்டுகள் ஊடுருவியிருந்தமையை அவர் பதிவு செய்தார். 1974இல் போட்டாசோ, டோனியாக் முதலியோர் திட்டுச் செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை நோயாளிகளின் இரத்தநீரில் கண்டனர். அதன்பின் ஆய்வின் போக்கு எதிர்ப்பொருள்களை நோக்கியே பெரிதும் திரும்பியது. இரத்தநீரை உறையவைத்துப் பல்லாண்டுகள் கழித்தும் சோதிக்கலாம் என்னும் எளிமை அதற்கு ஒரு காரணம் எனலாம்.

எதிர்ப்பொருள் காட்டுவதும் காட்டாததும்

இன்சுலின், ஜி.ஏ.டி.65, ஐ.ஏ.2, துத்தநாகக் கடத்தி 8 ஆகியவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களுள் இரண்டோ அதற்கு மேலோ ஒருவரிடம் காணப்பட்டால், இரத்தச் சர்க்கரை இயல்பாக இருப்பினும் அவர் நோயின் முதற்கட்டத்தில் உள்ளார் என 2015ஆம் ஆண்டின் வகைப்பாடு கொள்கிறது. இத்தகைய குழந்தைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பத்தாண்டுகளுக்குள் நோயுறுகின்றனர். ஆனால் ஒருவர் இரண்டாண்டிலும் மற்றொருவர் பன்னிரண்டாண்டிலும் நோயுறுவது ஏன் என்பதற்கு எதிர்ப்பொருள் விடை தருவதில்லை. 2001இல் வெளியான ஒரு நோயாளி பற்றிய அறிக்கை இங்குக் கருதத்தக்கது. பிறவியிலேயே பி செல்கள் அற்று, எதிர்ப்பொருள்களை உருவாக்க இயலாத சிறுவன் ஒருவனுக்கும் முதல்வகை நீரிழிவு தோன்றியது. எதிர்ப்பொருள் புகை மட்டுமே, தீ வேறிடத்தில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று மனிதரில் அரிது.

மூன்று முறைகள்

முதலில் கையாளப்பட்டது பெருக்கச் சோதனை. இரத்தத்தின் ஒற்றை உட்கரு செல்களோடு தன்னெதிர்ப்புப் புரதத்தைச் சேர்த்துச் சில நாள்கள் வளர்த்து, கதிரியக்கத் தைமிடின் உட்கொள்ளப்படும் அளவைக் கொண்டு செல் பெருக்கம் கணிக்கப்படும். பாக்டீரியாவில் உருவாக்கிய புரதத்தில் எஞ்சிநிற்கும் பாக்டீரியக் கசடே செல்களைத் தூண்டிவிடும் என்பது இதன் பெருங்குறை. 1990களின் இறுதியில் பன்னாட்டு ஆய்வகங்கள் பெயர் மறைத்த மாதிரிகளைப் பகிர்ந்து சோதித்தபோது, புரதத் தயாரிப்பின் தரமே முடிவை மாற்றுவதாகத் தெரியவந்தது.

எலிஸ்பாட் முறை, தூண்டப்பட்ட ஒவ்வொரு செல்லும் வெளியிடும் சைட்டோகைனைத் தட்டின் அடியில் ஒரு புள்ளியாகப் பதிக்கிறது. 2004இல் இலண்டன் ஆய்வாளர்கள் இம்முறையால் கண்டது நோக்கத்தக்கது. நோயாளிகளின் டி செல்கள் பெரும்பாலும் இன்டர்ஃபெரான் காமாவை வெளியிட்டன. நோயற்றோரிடமும் அதே பெப்டைடுகளை உணரும் செல்கள் இருந்தன, ஆனால் அவை இன்டர்லூக்கின் 10ஐ வெளியிட்டன. எனவே செல் உண்டா இல்லையா என்று கேட்பதைவிட, அது என்ன செய்கிறது என்று கேட்பதே பொருத்தமாகும்.

டெட்ராமர் முறை 1996இல் வந்தது. ஒரு எச்.எல்.ஏ. மூலக்கூறும் பெப்டைடும் டி செல் ஏற்பியோடு கொள்ளும் பிணைப்பு சில நொடிகளில் விட்டுப்போகும். நான்கை ஒன்றிணைத்து ஒளிரும் சாயமும் சேர்த்தால் பிணைப்பு நிலைக்கும், அச்செல்லை எண்ணலாம். தன்னெதிர்ப்பு டி செல்களின் ஏற்பிகள் நோய்க்கிருமியை உணரும் ஏற்பிகளைப் போல் இறுகப் பற்றுவதில்லை. அதனால் நான்கும் போதாமற்போவதுண்டு.

எண்ணிக்கையும் இடமும்

ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் ஒற்றை உட்கரு செல்கள் கிடைக்கும் எனக் கொள்வோம். குழந்தையிடம் 10 மில்லிலிட்டர் பெற்றால் ஒரு கோடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு சி.டி.8 வகை எனில் 20 இலட்சம். ஒரு குறிப்பிட்ட பெப்டைடை உணர்பவை இலட்சத்துக்கு ஒன்று எனக் கொண்டால் மொத்தம் 20 செல்கள். இவற்றையும் கட்டுப்பாட்டுச் சோதனைகளுக்கெனப் பகிர்ந்தால் ஒரு குழிக்கு இரண்டோ மூன்றோதான் எஞ்சும். மாதிரி ஓரிரவு தாமதித்தாலோ, உறையவைத்து உருக்கும்போது செல்கள் மடிந்தாலோ அதுவும் இல்லை. இன்னும் சிறிது இரத்தம் வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்பது எளிதன்று.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. துத்தநாகக் கடத்தி 8இன் ஒரு பெப்டைடை உணரும் சி.டி.8 செல்கள் நோயாளிகளின் இரத்தத்திலும் நோயற்றோர் இரத்தத்திலும் ஒத்த அளவிலேயே உள்ளன என 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. வேறுபாடு கணையத்தில்தான் இருந்தது. 2012இல் உறுப்புக் கொடையாளர்களின் கணையத் துண்டுகளின்மீதே டெட்ராமரைச் செலுத்திய ஆய்வும் நோயாளிகளின் திட்டுகளில் இச்செல்களைக் கண்டது. உயிருடன் இருப்பவரிடமிருந்து கணையத் திசு எடுப்பது இடர்மிக்கதாகலின், போர் நடக்கும் இடத்தை விட்டு அதற்குச் செல்லும் வழியில் நின்று ஆளெண்ணும் நிலையிலேயே ஆய்வாளர் உள்ளார்.

மருத்துவத் தேவையும் எச்.எல்.ஏ. வேறுபாடும்

2022 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெப்லிசுமாப் மருந்து இத்தேவையை அவசரமாக்கியுள்ளது. 76 பேர் பங்கேற்ற ஆய்வில், நோய் வெளிப்படுவதற்கான இடைநிலைக் காலம் மருந்து பெறாதோரிடம் 24.4 மாதங்களாகவும், பெற்றோரிடம் 48.4 மாதங்களாகவும் இருந்தது. இம்மருந்து டி செல்களின் சி.டி.3 மூலக்கூறைப் பற்றுவது, அதாவது பீட்டா செல்லைத் தாக்குபவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பதன்று. மருந்தின் பயனை அளக்க இன்று பயன்படும் சி-பெப்டைடு, எஞ்சியுள்ள இன்சுலின் சுரப்பைச் சொல்லும். தாக்குதல் தணிந்ததா என்பதைச் சொல்லாது.

இந்திய ஆய்வாளர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெட்ராமர்கள் எச்.எல்.ஏ. வகைக்கேற்பத் தனித்தனியே செய்யப்படுபவை. பெரும்பாலானவை ஐரோப்பியரிடம் மிகுந்துள்ள ஏ2 குழுவின் 02:01 உட்பிரிவுக்கும் டி.ஆர்.4க்கும் உருவாக்கப்பட்டவை. இந்தியரிடம் 02:11 முதலிய பிற உட்பிரிவுகளும் கணிசமாக உள்ளன; நோய்த்தொடர்பில் டி.ஆர்.3 முதன்மை பெறுகிறது. இறக்குமதி செய்த கருவிப்பெட்டியில் ஓர் இந்தியக் குழந்தைக்கு 'டி செல் இல்லை' என விடை வந்தால், அது அக்குழந்தையின் உடலைப் பற்றிய செய்தியா, கருவியின் பொருந்தாமையா என்பதை, எச்.எல்.ஏ. உட்பிரிவை முதலில் கண்டறியாமல் கூற இயலாது.