வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?

கல்யாணப் பந்தலிலே தெரிந்தவர் ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்பது, "வீட்டிலே எல்லோரும் சௌக்கியமா?" என்றுதான். பதிலும் தயாராக இருக்கும்: "சௌக்கியம்!" மாமியாரும் மருமகளும் மூன்று மாதமாகப் பேசிக் கொள்ளாத வீடானாலும் பதில் அதேதான். பந்தலுக்கு அது போதும். வைத்தியருக்குப் போதுமா?

போதாது என்று கருதினார், காபிரியல் ஸ்மில்க்ஸ்டைன் என்ற அமெரிக்க டாக்டர். நோயாளியைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது குடும்பமல்லவா? அது எப்படி நடக்கிறதென்று அறிய, 1978-ல் ஐந்தே கேள்விகளை வெளியிட்டார். கஷ்டம் வந்தால் வீட்டார் கை கொடுக்கிறார்களா? எதையும் உங்களுடன் கலந்து பேசுகிறார்களா? புதிதாக ஒன்று செய்ய நீங்கள் ஆசைப்பட்டால் ஆதரிக்கிறார்களா? அன்பைக் காட்டுகிறார்களா? சேர்ந்து பொழுது போக்குகிறீர்களா? இவற்றில் உங்களுக்குத் திருப்திதானா? 'அநேகமாக எப்போதும்' என்றால் 2 மார்க். 'சில சமயம்' என்றால் 1. 'அபூர்வம்' என்றால் 0. மொத்தம் 10. பிறந்த குழந்தைக்கு 10-க்கு மார்க் போடும் அப்கார் பரிசோதனையின் பெயரையே இதற்கும் சூட்டினார்.

"இவ்வளவுதானே! தமிழில் எழுதிவிட்டால் போகிறது" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

செஞ்சிப் பக்கத்துத் தொண்டூருக்கு இந்தத் தாளை எடுத்துப் போவதாக வைத்துக் கொள்வோம். "உங்கள் குடும்பம்" என்றதுமே அந்த வீட்டு மருமகள் விழிப்பாள். பிறந்த வீடா, புகுந்த வீடா? "அன்பைக் காட்டுகிறார்களா?" நேரங்கழித்து வருகிறவனுக்குச் சோற்றை மூடி வைப்பதுதான் நம் வீடுகளில் அன்பு, வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் ஏது? "திருப்தியா?" என்றால், "ஒரு குறையுமில்லை" என்பாள். கதவுக்குப் பின்னால் மாமியார் நிற்கிறாரே! 10-க்கு 10 வாங்கிவிடுவாள். அவள் மனத்திலுள்ள பாரம் மட்டும் தாளில் ஏறியிராது.

ஆகவேதான், அரபு மொழியானாலும் தமிழானாலும், பெயர்த்த கேள்விகளை முதலில் பரீட்சை பண்ணுகிறார்கள். ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பாராத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். அர்த்தம் மாறியிருந்தால் திருத்தம். பிறகு சிலரிடம் கேட்டு, என்ன புரிந்தது என்று விசாரிப்பார்கள். அதன்பின் பலரிடம் கேட்பார்கள். சில வாரம் கழித்து அவர்களிடமே மறுபடி கேட்டு, பதில் ஒத்து வருகிறதா என்று பார்ப்பார்கள்.

நம் சென்னையில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' மனநல நிறுவனம், நாட்பட்ட மனநோயாளியைப் பராமரிக்கும் வீட்டாரின் சுமையை அளக்க 40 கேள்விகளை 1998-ல் வெளியிட்டது. வெளிநாட்டுத் தாளை அப்படியே பெயர்க்கவில்லை. நம்மவர் வாழ்க்கையை ஆராய்ந்து, படிப்படியாகக் கேள்விகளை அமைத்தார்கள். 1981-ல் வெளியான மற்றோர் இந்திய அளவுகோலுடன் ஒப்பிட்டு, சரிதானா என்றும் பார்த்தார்கள்.

நோயாளியின் நாடியைப் பார்க்க ஆள் உண்டு. இரவெல்லாம் கண் விழிக்கும் தாயை, "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேட்பவர் யார்? கேட்கிற விதத்தில் கேட்டால்தானே அவளும் வாய் திறப்பாள்?

அடுத்த முறை யாராவது உங்களிடம் "சௌக்கியம்" என்றால், அவசரப்பட்டு நகர்ந்து விடாதீர்கள். ஓரமாக அழைத்துப் போய், இரண்டாவது கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு மருமகளிடமிருந்தே தொடங்கலாமே!