பொங்கல் சரக்கு: இரு வீட்டுச் சமையலுக்கும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார மளிகைக் கடைகளுக்கு ஜனவரி 14 நெருங்கும்போது இருவிதச் சீட்டுகள் வரும். தமிழ் வீட்டாருக்குப் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம். கன்னட வீட்டாருக்குச் சங்கராந்தி 'எள்ளு பெல்ல'த்துக்கு வெள்ளை எள், வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொப்பரை, வெல்லம். இக்கலவை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போவது. கொப்பரை காறினால் நம் கடையின் பெயரும் கூடவே போகும். முகர்ந்து பார்த்தே கொள்முதல் செய்யுங்கள்.

வெல்லத்தின் வெளுப்பில் மயங்க வேண்டாம். நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் கலப்பவர்கள் உண்டு. பழுப்பு வெல்லத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு துண்டு சுவைக்கக் கொடுங்கள். அதற்குமேல் பேச வேண்டியதில்லை.

புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும். சொல்லாமல் கொடுத்தால் பொங்கல் குழைந்துவிடும், பழி அரிசிக்கு!

இது அவரைக்கொட்டைப் பருவமும்கூட. கொட்டையை ஊறவைத்து, தோல் பிதுக்கி, குழம்பு வைத்துக் கேழ்வரகுக் களியோடு உண்பார்கள். தனியா, மிளகாய் கூடுதலாக நகரும். கேழ்வரகு மாவை மட்டும் மொத்தமாக அரைத்துக் குவிக்காதீர்கள், நாள்பட்டால் கசக்கும்.