காரில் ‘மிஸ்ஸிங்’ அடிக்குதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

“மாப்ள, வண்டி நமுத்துப்போன சரவெடி மாதிரி விட்டு விட்டு வெடிக்குது. ஒரு நடை வந்துட்டுப் போறியா?”

போன ஐப்பசியில் திருத்தங்கலிலிருந்து மாமா போனில் சொன்ன வார்த்தைகள் இவை. பட்டாசு ஊர்க்காரர் வேறு எப்படிச் சொல்வார்? 11 வருஷப் பழைய பெட்ரோல் கார். மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஸ்டீயரிங்கே நடுங்குகிறது. விருதுநகர் ரோட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திக்குகிறது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வேறு. வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எந்த ராத்திரி விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்று தெரியாது. மாமாவின் பதற்றத்துக்குக் காரணம் அதுதான்.

நான் போவதற்குள் 6,000 ரூபாய்க்கு மேல் செலவாகியிருந்தது. முதலில் காட்டிய ஒர்க் ஷாப்பில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் புதிதாக மாற்றினார்கள். ரெண்டு நாள் வண்டி ஜோராக ஓடியது. அப்புறம் மழை, திரும்பவும் திக்கல். அடுத்து இன்ஜெக்டர் கிளீனிங். அதற்கும் மசியவில்லை. “இன்ஜினைப் பிரிச்சாத்தான் தெரியும்” என்று மூன்றாவது தடவை சொன்னபோதுதான் மாமாவுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கிறது.

மிஸ்ஸிங் என்றால் என்ன? பெட்ரோல் இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றும் பெட்ரோலும் கலந்து அமுங்க, சரியான நொடியில் பிளக் ஒரு பொறியைத் தட்ட வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒரு சிலிண்டரில் மட்டும் விநாடிக்கு 25 தடவை இது நடக்கிறது. நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 100 தடவை. இதில் ஒரு சிலிண்டர் வெடிக்காமல் விட்டுவிட்டால், மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். அதுதான் நமக்கு நடுக்கமாகத் தெரிகிறது. எரியாமல் போனதற்குக் காரணம் பொறியாக இருக்கலாம், பெட்ரோலாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்ததாகவும் இருக்கலாம். எது என்று பார்க்காமல் பார்ட்ஸ் மாற்றினால் குருட்டாம்போக்குதான்.

மாமாவுக்குத் தெரிந்தவர் சொல்லி, வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. “எப்பெப்ப திக்குது? மழை பெஞ்ச அன்னைக்கா, வெயில்லயுமா?” என்று கேட்டார். “மழைன்னாத்தான் அண்ணே” என்றார் மாமா. அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். ‘பி 0303’ என்று வந்தது. பி 0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று பிடிபடாமல் மாறி மாறி விடுகிறது. 0301 முதல் சிலிண்டர், 0302 ரெண்டாவது. நம்முடையது மூன்றாவது. இன்ஜினின் சுழற்சி எந்த இடத்தில் ஒரு துளி மந்தமாகிறது என்பதை சென்சார் கவனித்து, அதை வைத்துக் கம்ப்யூட்டர் எழுதி வைக்கும் குறிப்பு இது. சிலிண்டரைத்தான் காட்டும், குற்றவாளியைக் காட்டாது. இதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மூன்றாவது சிலிண்டர் மேல் இருந்த இக்னிஷன் காயிலைக் கழற்றி ரெண்டாவதில் மாட்டினார். ரெண்டாவதில் இருந்ததை மூன்றாவதில். பழைய கோடை அழித்துவிட்டு, “ராத்திரி வண்டி வெளியிலயே நிக்கட்டும். காலையில வாங்க தம்பி” என்றார். ராத்திரி நல்ல மழை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் திக்கல். ஸ்கேனரில் இப்போது பி 0302! காயில் இடம் மாறியது, கோளாறும் கூடவே போய்விட்டது. கோளாறு மூன்றிலேயே நின்றிருந்தால் பிளக்கை மாற்றிப் பார்த்து, அடுத்து இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரெஷன் டெஸ்ட் என்று போயிருப்பாராம். எல்லாம் முடிந்த பிறகுதான் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சு.

காயிலைத் திருப்பிக் காட்டினார். ரப்பர் குழாய்க்கு மேலே மயிரிழையாக ஒரு விரிசல். 12 வோல்ட் பேட்டரி மின்சாரத்தை 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றித் தருவது இந்தக் காயில். விரிசலில் ஈரம் ஏறியதும், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்பில் பாய்ந்துவிடுகிறது. வெயில் அடித்தால் சரியாகிவிடும். புது பிளக் போட்ட ரெண்டு நாள் வண்டி ஓடியது பிளக்கால் அல்ல, அந்த ரெண்டு நாள் மழை இல்லாததால்! (இன்ஜின் ஓடும்போது நீங்களாகக் காயிலைக் கழற்றிப் பார்க்காதீர்கள். ஷாக் பலமாக அடிக்கும்.)

எல்லா மிஸ்ஸிங்குக்கும் காயில்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். கழற்றிய பிளக்கின் முனையே பாதி கதையைச் சொல்லும். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் கசிவு. பெட்ரோல் ஈரத்தோடு வந்தால் பொறி விழவில்லை. ரொம்ப நாள் நிறுத்தி வைத்த வண்டியில் எலி கடித்த ஒயரையும் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலும் சந்தேகப் பட்டியலில் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஒர்க் ஷாப் வரை போகலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் இருக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடும் அளவுக்குச் சூடாகும். பிளாட்டினம், பல்லேடியம் பூசிய பாகம் அது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். சிவகாசிப் பக்கம் பிரஸ் கழிவுப் பேப்பரும் காய்ந்த புல்லும் இல்லாத ரோட்டோரம் குறைவு. அதன் மேல் அந்தச் சூட்டோடு நிறுத்தாதீர்கள். டிக்கியில் பட்டாசுப் பெட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம்.

மாமா ஒரு காயில் வாங்கி மாட்டினார். மற்ற மூன்றுக்கும் அதே வயசு என்பதால் இன்னொன்றை டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். கார்த்திகையில் ஒரு மழை ராத்திரி, ஒண்ணே முக்கால் மணிக்கு வண்டி ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பியது. பேத்தி பிறந்திருக்கிறாள்.