குத்தகைச் சீட்டைத் தாசில்தார் கேட்டால்...

பயிர்ச் சேதம் பார்க்கப் போகும் இடங்களில் நான் முதலில் கேட்பது மண்ணைப் பற்றி அல்ல, "அடங்கல் யார் பேரில் இருக்கிறது?" என்றுதான். டெல்டாவில் உழுபவர் ஒருவர், அடங்கலில் இருப்பவர் இன்னொருவர். எல்லாம் வாய்மொழிக் குத்தகை. நிவாரணம் வரும்போது சேற்றில் நின்றவர் கையைப் பிசைகிறார்.

1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி குத்தகைச் சீட்டை மூன்று பிரதிகள் எழுத வேண்டும். ஒன்று நிலக்காரருக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவது தாலுகா அலுவலகத்துக்கு. அரசு பார்ப்பதற்கென்றே ஒரு பிரதி! எத்தனை பேர் கொடுத்திருக்கிறோம்?

கொடுக்காதவர்களும் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் சேர்க்க மனு செய்யலாம். விசாரணையில் சீட்டு, வாரம் அளந்த ரசீது போன்றவற்றைக் கேட்பார்கள். பயந்து ஒளிக்காதீர்கள். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அசலையே வாங்கி வைத்தால் கையெழுத்திட்ட ஒப்புகை கேளுங்கள்.

ரசீதுதான் சிக்கல். நியாய வாரம் விளைச்சலில் 25 சதவீதம். அதற்கு மேல் வாங்கும் நிலக்காரர் எழுதித் தருவாரா? ஆகவே பணத்தை வங்கி வழியாகச் செலுத்துங்கள். உரக்கடை பில், நெல் விற்ற சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். பக்கத்து வயல்காரரின் சாட்சியும் உதவும்.

உத்தரவு வந்ததும் அதன் நகலை உடனே வாங்கிவிடுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.