சிப்பி, மட்டி கூட்டமாக மடிவது ஏன்?

தாம்பரத்தை அடுத்த சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. பின் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேருகிறது. எனவே மேட்டு நிலத்தில் தெளிக்கும் பூச்சி மருந்தும், வீட்டுக் கழிவும் உப்பங்கழியில் வாழும் சிப்பி, மட்டிகளைப் போய்ச் சேரும். இவை கூட்டமாக மடிந்தால், பொறுக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்களின் வருவாய் நின்றுவிடும்.

மடிந்ததும் மருந்தின் மேல் பழி போடுவது வழக்கம். ஆனால் காரணங்கள் பல. மடியும் விதத்தைக் கவனித்தால் துப்புக் கிடைக்கும்.

மழைநீர்: கடல்நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்பு உண்டு. பெருமழையில் இது வெகுவாகக் குறையும். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. நன்னீர் வந்தால் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாட்கள் தாக்குப்பிடிக்கும்; நன்னீர் நீடித்தால் மடியும். கடலுக்குத் தொலைவான இடங்களில் சாவு முதலில் தொடங்கும்.

பிராணவாயுக் குறைவு: முகத்துவாரம் மணலால் அடைபட்டு, கழிவு தேங்கும்போது ஏற்படும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும்.

பூச்சி மருந்து: நண்டும் இறாலும் சிப்பிக்கு முன்பே திடீரெனச் சாகும்.

நோய்: பெரும்பாலும் ஒரே இனம் மட்டும் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக மடியும். தென்கிழக்குக் கடற்கரை முத்துச்சிப்பியில் பெர்க்கின்சஸ் என்னும் ஒட்டுண்ணி கண்டறியப்பட்டுள்ளது.

மாதிரி எடுக்கும் முறை: செத்து அழுகிய சிப்பி ஆய்வுக்கு உதவாது. ஓடு திறந்து, தொட்டால் மெதுவாக மூடும் நலிந்த சிப்பிகளையும், நல்ல சிப்பிகள் சிலவற்றையும் தனித்தனியே ஈரத்துணியில் சுற்றவும். பனிக்கட்டி நேரே படாமல் குளிர்ச்சியாக வைக்கவும். சுத்தமான புட்டியில் அந்த இடத்து நீரைக் காற்றிடம் இல்லாமல் நிரப்பவும். தேதி, நேரம், மழை, அருகில் தெளித்த மருந்து ஆகியவற்றைக் குறித்து, அன்றே ஒப்படைக்கவும். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் முட்டுக்காட்டிலேயே உள்ளது. மீன்வளத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

காரணம் தெரியும் வரை அந்த இடத்துச் சிப்பியை உண்ணவோ விற்கவோ கூடாது. மேட்டு நில விவசாயிகள், மழை வரும் அறிகுறி இருக்கும்போது மருந்து தெளிப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது. மருந்துத் தெளிப்பானை ஏரியிலோ ஓடையிலோ கழுவலாகாது.