மூலப்பதிவும் மறுபாடலும்: பிரின்ஸின் இசைமரபில் உரிமைச் சிக்கல்கள்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க வெகுசன இசைக்கலைஞர் பிரின்ஸ் (1958–2016) தம் இசைத்தட்டு நிறுவனத்தோடு நிகழ்த்திய உரிமைப் போராட்டமும், தம் பாடல்களைப் பிறர் மீண்டும் பாடிப் பதிவுசெய்வதற்கு அவர் தெரிவித்த எதிர்ப்பும் பெரும்பாலும் தனித்தனியே பேசப்படுகின்றன. பாடலின் ஆக்கவுரிமையும் ஒலிப்பதிவின் உரிமையும் சட்டத்தில் வேறுவேறாக நிற்பதிலிருந்தே இவ்விரண்டும் தோன்றின என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அவர் வெறுத்த அப்பிரிவினையே அவர் புகழைப் பரப்பிய வழியாகவும் அமைந்தது என்ற முரணையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிரின்ஸ், மறுபாடல், மூலப்பதிவு, கட்டாய உரிமம், பாடாந்தரம், பதிப்புரிமை.

முன்னுரை

ஒருவர் இயற்றிப் பதிவுசெய்த பாடலை மற்றொருவர் தம் குரலில் மீண்டும் பதிவுசெய்வதை இசையுலகம் ‘கவர் வெர்ஷன்’ என்று வழங்குகிறது. இக்கட்டுரை அதனை ‘மறுபாடல்’ என்று குறிக்கிறது. முதலில் செய்யப்பட்ட ஒலிப்பதிவு ‘மூலப்பதிவு’ எனப்படும். தமிழாய்வாளர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. சுவடிப் பதிப்பில் மூலபாடம், பாடவேறுபாடு என்னும் வழக்குகள் உள்ளன. கருநாடக இசையில் ஆசிரியர் வழியாகப் பெற்ற பாடும் முறை ‘பாடாந்தரம்’ எனப்படுகிறது. எனினும் சுவடிப் பதிப்பாசிரியர் வேறுபாடுகளின் ஊடே மூலத்தை நோக்கிப் பின்செல்கிறார். மறுபாடலைப் பாடுபவரோ மூலத்திலிருந்து விலகி முன்செல்கிறார். இவ்விலகலுக்கு யார் இசைவு தரவேண்டும், அதன் பயன் யாரைச் சேரும் என்பனவே பிரின்ஸின் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்த வினாக்கள்.

1. ஒரு பாட்டு, இரு உரிமைகள்

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பாட்டுக்கு இருவகை உரிமைகள் உண்டு. மெட்டும் சொற்களும் சேர்ந்த ஆக்கத்திற்குரியது ஒன்று. அவ்வாக்கம் குறிப்பிட்ட ஒரு குரலிலும் இசையிலும் பதிவான ஒலிக்குரியது மற்றொன்று. முன்னது பாடலாசிரியரிடமோ அவர்தம் வெளியீட்டு நிறுவனத்திடமோ இருக்கும். பின்னது வழக்கமாக இசைத்தட்டு நிறுவனத்தின் கையில் இருக்கும். ஒலிப்பதிவுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் காப்பு 1972 பிப்ரவரி 15-க்குப் பின்னரே கிட்டியது. ஆகவே காலத்தாலும் இவை வேறுபட்டவை.

ஆக்கவுரிமைக்கு ஒரு பெரும் வரம்பு உண்டு. தானியங்கிப் பியானோவின் துளையிட்ட தாள் சுருள் இசைக்குறிப்பின் படியாகாது என்று 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் இழப்புற்ற இசையமைப்பாளர்க்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை வழங்கியது. ஆனால் அவ்வுரிமைகளை ஒரே நிறுவனம் வாங்கிக் குவித்துவிடும் என்ற அச்சமும் அப்போது எழுந்தது. அதனால், உரிமையாளரின் இசைவுடன் ஒருமுறை பதிவாகி வெளிவந்த பாடலை, படி ஒன்றுக்கு 2 சென்ட் செலுத்தி எவரும் மீண்டும் பதிவுசெய்யலாம் என்ற ‘கட்டாய உரிமம்’ வகுக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவும் இதனைத் தொடர்ந்தது. பாடுவோர் தம் பாணிக்கேற்ப இசையமைப்பை மாற்றிக்கொள்ளலாம்; அடிப்படை மெட்டையும் பாடலின் இயல்பையும் மாற்றலாகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 31-சி பிரிவோ, முதல் ஒலிப்பதிவு உருவான ஆண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே மறுபாடலுக்கு இடமளிக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் அத்தகைய காத்திருப்பு இல்லை.

இதன் விளைவு தெளிவானது. பாடலாசிரியர் தம் பாடலின் முதற்பதிவைத் தடுக்கலாம். அடுத்துவரும் பதிவுகளைத் தடுக்க இயலாது. ஒப்பந்தத்தின் வழி மூலப்பதிவை நிறுவனத்திற்குக் கையளித்த கலைஞர், தாமே பாடிய ஒலியின்மீதும் ஆளுகை இழக்கிறார். பிரின்ஸ் இவ்விரு நிலைகளிலும் நின்றவர்.

2. பிறர் குரலில் பெற்ற புகழ்

மினியாபொலிஸ் நகரில் பிறந்த பிரின்ஸ் 1977-இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1978-இல் வெளிவந்த முதல் தொகுப்பிலேயே ஆக்கம், இசையமைப்பு, வாசிப்பு, தயாரிப்பு ஆகிய அனைத்தையும் தாமே மேற்கொண்டார். பாட்டின் ஒவ்வொரு கூறும் தம் கைவழியே செல்லவேண்டும் என்னும் இவ்வியல்பு அவருடைய பிற்காலப் பிணக்குகளைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

எனினும் அவர் பாடல்கள் பிறர் குரலில் பெரும்புகழ் எய்தின. 1979-இல் அவர் பாடிய ‘ஐ ஃபீல் ஃபார் யூ’ பாடலைச் சாக்கா கான் 1984-இல் ராப் கலைஞர் மெல்லி மெல், ஹார்மோனிகா வாசித்த ஸ்டீவி வொண்டர் ஆகியோரின் துணையுடன் மறுபாடலாக்கினார். அதன் வழியே பிரின்ஸ் பாடலாசிரியராகக் கிராமி விருது பெற்றார். ‘கிறிஸ்டோபர்’ என்னும் புனைபெயரில் அவர் பேங்கிள்ஸ் குழுவினர்க்கு அளித்த ‘மேனிக் மண்டே’, 1986-இல் அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை உயர்ந்தது. அப்போது முதலிடத்தில் இருந்தது பிரின்ஸே பாடிய ‘கிஸ்’. தம் பாடலைத் தாமே பின்தள்ளிய நிலை இது.

இவற்றுள் ஆழ்ந்து நோக்கத்தக்கது ‘நத்திங் கம்பேர்ஸ் டூ யூ’. பிரின்ஸ் இதனை 1984-இல் பதிவுசெய்தும் தம் பெயரில் வெளியிடவில்லை. தாம் உருவாக்கிய ‘தி ஃபேமிலி’ குழுவின் 1985-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது இடம்பெற்றது. தனித்தட்டாக வராததால் பெரிதும் கவனம் பெறவில்லை. 1990-இல் அயர்லாந்துப் பாடகி சினேட் ஓ’கானர் அதனைப் பாடினார். குரலை முன்னிறுத்திய அப்பதிவும், அவர் முகத்தை அணுக்கத்தில் காட்டிய காணொளியும் உலகெங்கும் பரவின. அமெரிக்காவில் நான்கு வாரங்கள் அது முதலிடத்தில் இருந்தது. பிரின்ஸின் குரலில் அப்பாடல் நேரடி நிகழ்ச்சிப் பதிவாக 1993-இல்தான் வெளிவந்தது. 1984-ஆம் ஆண்டு மூலப்பதிவோ அவர் மறைந்தபின் 2018-இல் வெளியிடப்பட்டது. இதனால் உலகம் ஓ’கானரின் பதிவையே முதலாகக் கேட்டுப் பழகியது. இயற்றியவரின் குரல் பாடவேறுபாடாக ஒலித்தது. காலத்தால் முற்பட்டது மூலம் என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தவில்லை. கேட்போர் நினைவில் முதலில் நிலைபெற்றதே மூலமாகிவிடுகிறது.

3. பெயரைத் துறந்த போராட்டம்

1992-இல் வார்னருடன் பிரின்ஸ் செய்துகொண்ட புதிய ஒப்பந்தம் ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புடையது என்று செய்திகள் கூறின. அடுத்த ஆண்டே பிணக்கு வெளிப்பட்டது. அதன் காரணங்கள் இரண்டு. பாடல்களை விரைந்து தொடர்ந்து வெளியிட அவர் விரும்பினார். ஒரு தொகுப்பு விற்றுத் தீருமுன் மற்றொன்று வருவது சந்தையைக் கெடுக்கும் என்று நிறுவனம் கருதியது. இது முதற்காரணம். மூலப்பதிவுகள் நிறுவனத்தின் உடைமையாக இருந்தமை இரண்டாவது. நிறுவனத்தின் கூற்றிலும் வணிக நியாயம் இருந்தது; முன்பணம் அளித்து விளம்பரச் செலவையும் ஏற்றது அதுவே. ஆனால் முன்பணம் ஈடுசெய்யப்பட்ட பின்னரும் உடைமை கலைஞரிடம் மீளாது என்பதே பிரின்ஸின் மனக்குறை.

1993 ஜூன் 7-ஆம் நாள், தம் 35-ஆம் பிறந்தநாளில், ஆண், பெண் குறிகளை இணைத்த ஒலிப்பற்ற ஓர் உருவைத் தம் பெயராக அறிவித்தார். அதனை அச்சிட இயலாத இதழ்களுக்கு அவ்வெழுத்துருவை நெகிழ்வட்டில் நிறுவனமே அனுப்பிவைக்க நேர்ந்தது. கன்னத்தில் ‘அடிமை’ என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு மேடையேறினார். மூலப்பதிவையும் அடிமையின் உடைமையாளனையும் ஆங்கிலத்தில் ‘மாஸ்டர்’ என்னும் ஒரே சொல் குறிக்கும். ஆப்பிரிக்க அமெரிக்கரான ஒருவர் அச்சொல்லைத் தம் உடலின்மேல் விளக்கிக் காட்டியபோது, வணிகக் கலைச்சொல்லுக்குள் உறைந்திருந்த வரலாறு வெளிப்பட்டது எனலாம்.

1996-இல் ஒப்பந்தப் பிணைப்பு முடிந்தது. அவ்வாண்டு நவம்பரில், ஒவ்வொன்றும் 60 நிமிடம் கொண்ட மூன்று வட்டுகளாக ‘இமான்சிபேஷன்’, அதாவது ‘விடுதலை’, வெளிவந்தது. அதுவரை தம் தொகுப்புகளில் பிறர் பாடல்களைச் சேர்க்காதிருந்த பிரின்ஸ், இத்தொகுப்பில் ‘பெட்சா பை கோலி வாவ்’, ‘ஐ கான்ட் மேக் யூ லவ் மீ’, ‘ஒன் ஆஃப் அஸ்’ முதலிய மறுபாடல்களைப் பாடினார். தம் உடைமையை மீட்கப் போராடியவர் விடுதலையைக் கொண்டாடியது பிறர் ஆக்கங்களைப் பாடி என்பது எண்ணத்தக்கது. தாம் தெரிந்தெடுத்துப் பாடும் உரிமையும் அவர் கருதிய விடுதலைக்குள் அடங்கியது.

1999-இல் அவர் மற்றொரு வழியையும் கையாண்டார். 1982-இல் வெளிவந்த ‘1999’ பாடலின் மூலப்பதிவு வார்னரிடம் இருந்தமையால், அதனைத் தாமே புதிதாகப் பதிவுசெய்து வெளியிட்டார். இதனைத் ‘தன்மறுபாடல்’ எனலாம். பதிவின் உரிமை பிறரிடம் இருந்தாலும் ஆக்கத்தின் வழியே மாற்றுப் பதிவை உருவாக்கலாம் என்பது இதன் அடிப்படை. டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தம் பழைய தொகுப்புகளை மீண்டும் பதிவுசெய்து பெருவெற்றி கண்டதும் இவ்வழியிலேயே. பாடல் வெளியீட்டு ஒப்பந்தம் 1999 இறுதியில் முடிவுற, 2000-இல் பிரின்ஸ் தம் பெயரை மீண்டும் ஏற்றார். மூலப்பதிவுகளின் உரிமை 2014-இல் வார்னருடன் செய்த புதிய உடன்பாட்டின் வழியே அவரை வந்தடைந்தது.

4. எதிர்ப்பும் அதன் முரணும்

2011-இல் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் பிரின்ஸ் கட்டாய உரிமத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஆக்கியோனின் இசைவின்றி அவர் பாடலைப் பிறர் பதிவுசெய்ய அரசே இசைவளிப்பது அவர்க்கு ஏற்புடையதாக இல்லை. எனினும் அவர் மேடைகளில் பிறர் பாடல்களை விரும்பிப் பாடியவர். 2007-ஆம் ஆண்டு சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சியில் ‘ப்ரவுட் மேரி’, ‘பெஸ்ட் ஆஃப் யூ’ ஆகியவற்றைத் தம் பாடல்களோடு இணைத்துப் பாடினார்.

2008-ஆம் ஆண்டு கோச்செல்லா விழா நிகழ்வு இம்முரணைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கு ரேடியோஹெட் குழுவின் ‘க்ரீப்’ பாடலை அவர் பாடினார்; பார்வையாளர் எடுத்த காணொளிகள் அவர் தரப்பின் முறையீட்டால் இணையத்திலிருந்து நீக்கப்பட்டன. பாடல் தங்களுடையது என்றும் காணொளியை விடுவிக்க வேண்டும் என்றும் ரேடியோஹெட்டின் தாம் யார்க் கூறினார். இங்கு ஆக்கம் ஒருவருடையது, நிகழ்த்துதல் மற்றொருவருடையது. வார்னருடன் நிகழ்ந்த பூசலில் உடைமையாளரின் தடையால் வருந்திய பிரின்ஸ், இங்குத் தடைசெய்பவராக நிற்கிறார். ‘க்ரீப்’ பாடலுக்கும் பழைய பாடல் ஒன்றோடு உள்ள ஒப்புமையால் ஆல்பர்ட் ஹேமண்ட், மைக் ஹேசல்வுட் ஆகியோர் இணையாசிரியராக ஏற்கப்பட்டுள்ளனர். தனியொருவர்க்கே உரியதெனப் பாட்டைக் கருதுவது எத்துணைக் கடினம் என்பதற்கு இதுவே சான்றாகும்.

இவ்வாறு முரண்பட்ட செயல்களை இணைப்பது ஒரே வேட்கை. இயற்றிய கை, பாடிய குரல், விற்கும் உரிமை ஆகியன ஒருவரிடமே இருக்கவேண்டும் என்று அவர் விழைந்தார். சட்டமோ அவற்றைப் பிரித்து வைத்திருந்தது.

5. மறைவுக்குப் பின்

2016 ஏப்ரல் 21-ஆம் நாள் பிரின்ஸ் தம் பெய்ஸ்லி பார்க் இல்லத்தில் மறைந்தார். தம் பாடல்களின் உரிமைக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடிய அவர் விருப்ப ஆவணம் எதையும் எழுதிவைக்கவில்லை. சொத்தை ஆளும் பொறுப்பு நீதிமன்றத்தின் வழியே பிறரைச் சேர்ந்தது. யுனிவர்சல் நிறுவனத்தோடு செய்யப்பட்ட 3.1 கோடி டாலர் உடன்பாடு, வார்னருக்கு முன்னரே அளிக்கப்பட்ட உரிமைகளோடு முரண்படக்கூடும் என்னும் ஐயத்தால் 2017-இல் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 2022-இல் சொத்தின் மதிப்பு 15.64 கோடி டாலர் என உறுதிசெய்யப்பட்டு, பிரைமரி வேவ் என்னும் இசையுரிமை நிறுவனத்திற்கும், உறவினர் சிலரும் ஆலோசகர்களும் அடங்கிய மற்றோர் அமைப்புக்கும் ஏறக்குறையச் சமபங்காகப் பிரிக்கப்பட்டது. அவர் மீட்ட உரிமையின் ஒரு பாதி மீண்டும் ஒரு நிறுவனத்தையே அடைந்தது.

பிறர்க்காக அவர் பாடிக்கொடுத்த மாதிரிப் பதிவுகள் 2019-இல் ‘ஒரிஜினல்ஸ்’ என்னும் தொகுப்பாக வெளிவந்தன. ‘மேனிக் மண்டே’, ‘நத்திங் கம்பேர்ஸ் டூ யூ’ ஆகியன அதில் உள்ளன. பிறர் பாடிய பதிவுகளை முன்னரே அறிந்தவர்களே இத்தொகுப்பை மூலமாக உணரமுடியும். மறுபாடல்களின் புகழே மூலத்தின் மதிப்பை நிறுவியது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

• நிறுவனத்தோடு கொண்ட பிணக்கும் மறுபாடல் எதிர்ப்பும், ஆக்கவுரிமையும் பதிவுரிமையும் பிரிந்து நிற்பதால் தோன்றியவை.

• மூலப்பதிவின் உரிமையை ஒப்பந்தத்தின் வழி மீட்கலாம். கேட்போர் நினைவில் எந்தக் குரல் மூலமாக நிற்கும் என்பதை ஒப்பந்தம் முடிவுசெய்வதில்லை.

• மறுபாடலைப் பாடவேறுபாடாக மட்டும் கருதாமல், மூலத்தின் தகுதியை ஆக்கித்தரும் பாடாந்தரமாகக் கருதுதல் பொருந்தும்.

• உரிமையை வெல்வதோடு கலைஞரின் கடமை முடிவதில்லை. தமக்குப் பின் அதனை யார் காப்பர் என்பதை அவரே வரையறுக்காவிடில், அவர் எதிர்த்த நிலையே மீளும்.

தம் பாடல்கள் தம்மிடமே இருக்கவேண்டும் என்று பிரின்ஸ் விரும்பினார். அவை இன்று வாழ்வதற்கோ, அவரிடமிருந்து பிறரைச் சென்றடைந்தமையும் ஒரு காரணமாகும்.