கைராசியும் காணொளியும்

மதுரையில் வசிக்கும் என் தங்கை, கணவர் மறைந்த மறு ஆண்டு, வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு பைகளில் தோட்டம் போட்டாள். தக்காளி, கத்தரி, மிளகாய். பகல் பொழுதைக் கழிக்க ஒரு வழி வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நோக்கம் இல்லை. கற்றுக்கொடுக்க ஆளில்லாததால் கைப்பேசிக் காணொளிகளே ஆசான். மாசி இறுதியில் விதைத்தாள். நாற்றுகளின் இலை ஓரங்கள் பழுப்பேறிக் கருகின. தப்பிய தக்காளிச் செடிகள் பூத்தன. ஒரு பூவும் காயாகவில்லை. வைகாசியில் பைகளைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டாள். "எனக்குக் கைராசி இல்லைண்ணே" என்றாள். அதை அவள் செடிகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு திருச்சியில் நானும் ஐந்தாண்டுகளாக மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். அவள் பின்பற்றிய காணொளியை வாங்கிப் பார்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. நல்ல தமிழில் பேசிய அந்த அன்பர் இருப்பது பெங்களூரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில். அங்கே சித்திரையில் காய்க்கும் தக்காளி மதுரையில் காய்க்காது. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிர்ந்துவிடும். அடுத்து, தென்னை நார்க்கழிவு. கடைக்காரர் மொழியில் கோகோபீட். அவர் பயன்படுத்தியது கழுவிப் பதப்படுத்தியது. தங்கை வாங்கியது மலிவான கட்டி, உப்பு நீங்காதது. நான்கைந்து முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்திருந்தால் இலைகள் கருகியிருக்கா. இதை அவர் மறைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நான் சொல்லிவந்த ஒரு பாடம் அப்போது நினைவுக்கு வந்தது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்ல காருக்கும் மோசமான காருக்கும் ஒரே விலை கிடைக்கும்போது, நல்ல காரை வைத்திருப்பவர் சந்தையைவிட்டே விலகிப் போகிறார். மோசமான காரை அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்பார்கள். தோட்டத்தைப் பற்றிய கட்டுரையில் அந்தச் சொல் வந்து சேர்வது தற்செயல்.

காணொளிச் சந்தை கார்ச் சந்தையைவிட ஒரு படி சிக்கலானது. பழுதான கார் ஒரு வாரத்தில் நடுச்சாலையில் நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தவறான தோட்ட யோசனை தன்னைக் காட்டிக்கொடுக்க அறுபது நாள்கள் ஆகும். அதற்குள் எந்தக் காணொளியைப் பார்த்தோம் என்பதே மறந்துபோகும். பார்த்த கணக்கு ஏற்கெனவே ஏறியிருக்கும். எஞ்சியிருப்பது காய்ந்த செடியும், கைராசி இல்லை என்ற தன்பழியும்தான். எட்டு நிமிடத்துக்குக் குறையாத காணொளிகளில்தான் இடையிலும் விளம்பரம் செருகலாம் என்பது யூடியூபின் விதி. மூன்று நிமிடச் செய்தி பல நேரங்களில் பத்து நிமிடமாக நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம். முன்பெல்லாம் 'பிடிக்கவில்லை' என்று அழுத்தியவர்களின் எண்ணிக்கையாவது வெளியே தெரியும். 2021 நவம்பரில் அதையும் பார்வையாளர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார்கள். படைப்பாளிகளைத் திட்டமிட்டுத் தாக்குவதைத் தடுக்கவே அந்த முடிவு என்றார்கள். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால், தொடக்கக்காரருக்குக் கிடைத்துவந்த மிகச் சில எச்சரிக்கைகளில் ஒன்று அதனால் போயிற்று.

பிறகு நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் பொருளியலில் ஒரு விடை உண்டு. 2001-இல் அக்கர்லாஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவரான மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் சொன்னது அது. தகுதியற்றவர் எளிதில் போலி செய்ய முடியாத அடையாளத்தையே நம்பலாம். தோட்டக் காணொளியில் போலி செய்யக் கடினமானது எது? பார்வை எண்ணிக்கையன்று, பளபளப்பான படப்பிடிப்பும் அன்று. நாள் கணக்குதான். விதைத்த அன்று காட்டிய அதே பையை 15-ஆம் நாள், 40-ஆம் நாள், 75-ஆம் நாள் என்று காட்டும் காணொளிக்கு ஒருவர் இரண்டரை மாத உழைப்பைச் செலவிட்டிருக்கிறார். ரோஜாக் குச்சியை உருளைக்கிழங்கில் செருகி நடும் காணொளிக்கோ ஒரு பிற்பகல் போதும். அடுத்த காட்சியில் பூத்துக் குலுங்குவது நாற்றுப் பண்ணையிலிருந்து வந்த வேறு செடியாகவும் இருக்கலாம். நம் வெயிலில் அந்தக் கிழங்கு அழுகிக் குச்சியையும் அழுகச் செய்வதை நானே கண்டிருக்கிறேன். இருமுறை முயன்றேன் என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

செத்த செடியைக் காட்டும் காணொளியை நான் கூடுதலாக நம்புகிறேன். மாவுப்பூச்சி வந்த மிளகாய்ச் செடியைக் கேமராவுக்கு முன்னால் பிடுங்கிப் போடுபவருக்கு மறைக்க ஒன்றுமில்லை.

காலமும் இடமும் அடுத்த சோதனை. தமிழில் பேசுகிறார் என்பதால் நம் மண்ணில் நின்று பேசுகிறார் என்று கொள்ள முடியாது. மாடித் தோட்டம் என்று தேடினால் சென்னை, ஊட்டி, பெங்களூர், யாழ்ப்பாணம், லண்டன் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. அமெரிக்கக் காணொளிகள் ஏழாம் மண்டலம், எட்டாம் மண்டலம் என்று கணக்குச் சொல்லும். அது குளிர்காலத்தின் கடுங்குளிர் அளவை வைத்துப் பிரித்த கணக்கு. நம் சமவெளியில் செடியைக் கொல்வது குளிரன்று, கோடை. எனவே தேடும்போது செடியின் பெயருடன் ஊரையும் மாதத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது. கருத்துகளை 'புதியவை முதலில்' என்று மாற்றி வைத்தால், செய்து பார்த்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து எழுதியவர்களைக் காணலாம். 'சூப்பர் அக்கா' என்ற நூறு வரிகளைவிட, 'என் செடியில் பூ உதிர்கிறது' என்ற ஒரு வரியும் அதற்குக் கிடைத்த பதிலும் பயனுள்ளவை.

நோய் பற்றிய காணொளிகளை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. இலை மஞ்சளாகிறது என்றதும் ஒரு கரைசலைக் கையில் எடுப்பவரிடமிருந்து நகர்ந்துவிடுவேன். எந்த இலை என்று முதலில் கேட்பவரிடம் நிற்பேன். அடி இலைகள் வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக இருக்க, நுனி இலைகள் வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு. வேர் நீரில் மூழ்கிக் கிடந்தாலும் இலை மஞ்சளாகும். அப்போது தேவை உரமன்று, இரண்டு நாள் பட்டினி. விற்பனை இணைப்பைக் கீழே வைத்திருப்பவர் பட்டினியைப் பரிந்துரைப்பது அரிது.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் பயிர்களைப் பற்றிய விவரங்களைத் தமிழிலேயே தருகிறது. இத்தகைய நிறுவனங்களின் காணொளிகள் வறண்டவை. வரவேற்புரையில் இரண்டு நிமிடம் போகும்; எக்டேருக்கு இத்தனை கிலோ என்று உழவருக்கான கணக்கு வரும், பைக்கு எவ்வளவு என்பதை நாம்தான் வகுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும், பூச்சியை அடையாளம் காணவும் மருந்தின் அளவை உறுதிசெய்யவும் நான் அங்கேதான் செல்கிறேன்.

காணொளியைக் குறைசொல்லவே இதை எழுதுவதாக எண்ண வேண்டா. பக்கக் கிளையை எந்த இடத்தில் கிள்ளுவது என்பதைப் புத்தகத்தில் பலமுறை படித்தும் எனக்கு விளங்கவில்லை. ஓர் அம்மையார் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து நாற்பது விநாடியில் காட்டினார். தக்காளி நாற்றை மட்டும் தண்டு புதையுமளவு ஆழமாக நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும் என்பதை மண்ணைத் தோண்டிக் காட்டியவரும் ஒருவர் உண்டு. கைவேலையைக் கையால்தான் கற்பிக்க முடியும். அவர் காட்டாமல் விடுவதை நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கன அடி ஈர மண் ஏறத்தாழ 45 கிலோ எடை. ஐம்பது பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்கும் காணொளிகளில், அந்தத் தளம் எத்தனை ஆண்டு பழையது, நீர்க்கசிவுத் தடுப்பு பூசியதா என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆடி பிறந்ததும் மதுரை சென்று, மாடிப்படிக்கு அடியிலிருந்து நான்கு பைகளை மட்டும் எடுத்துவந்தேன். தங்கை மறுத்தாள்; பிறகு மண்ணைச் சலித்தாள். செம்மண், கழுவிய நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு. தக்காளி வேண்டா, கீரை போடு என்றேன். ஒரு மாதத்துக்குள் விடை தெரிந்துவிடும் பயிர் அது. மதுரைக்காரர் ஒருவர் நாள்வாரியாகக் காட்டிய காணொளியை இருவருமாகத் தேடி எடுத்தோம். சென்ற மாதம் அந்தக் காணொளியின் கீழே அவள் எழுதியிருந்ததை எனக்கு அனுப்பினாள்: "மதுரை. ஆடி ஐந்தாம் தேதி விதைத்த அரைக்கீரை, 27-ஆம் நாள் கிள்ளினேன். நான்கில் ஒரு பையில் முளைக்கவே இல்லை. எறும்பு விதையைத் தூக்கிப் போய்விட்டது."